நண்பருக்கு இலை கிடையாது

மலாக்காவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் நாவலை அறிமுகப்படுத்த. நாவல் நடப்பது மலாக்காவில், காஜா பெராங் பகுதியில், ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில். இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை. அதை எழுதி முடித்து, அச்சாகி, சிலர் பாராட்டி, பலர் திட்டி, எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். பாளையங்கோட்டையில் என் மேசையிலிருந்து பார்த்தபோது மலாக்கா நன்றாகவே தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பெட்டியில் சட்டைகளைவிடப் புத்தகங்கள் அதிகம். கைப்பேசிச் செயலியில் அழைத்த காரின் ஓட்டுநர், காஜா பெராங் என்றதும் தலையாட்டினார். ஒரு சீனக் கோயிலின் முன்னால் இறக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். காஜா பெராங் என்றால் மலாய் மொழியில் கோபம்கொண்ட யானை. சாலைக்கும் அந்தப் பெயர்தான், சுற்றுவட்டாரத்துக்கும் அந்தப் பெயர்தான். நான் நிற்பது அதன் தவறான நுனி என்பது வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோது புரிந்தது. என் நாவலின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் இந்தச் சாலையில்தான் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான். அப்போது இதமான கடற்காற்று வீசுவதாக எழுதியிருக்கிறேன். காற்று இல்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. மலாக்காவின் ரிக்‌ஷாக்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. வண்டி முழுக்க இளஞ்சிவப்புப் பூனைப் பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், பட்டப்பகலில் மின்னுகிற விளக்குகள். பண்டார் ஹிலிரில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர் என் நிலையைப் பார்த்து இரங்கினார். ஏறி உட்கார்ந்ததும் பாட்டைப் போட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சத்தத்தைக் கூட்டினார். இப்படியாக, மடியில் துன்பியல் நாவல்களுடனும் தோளில் ஒரு பூனையுடனும் செட்டி கிராமத்துக்குள் நுழைந்தேன்.

தெருமுனையில் தேவகி டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இங்கே ஒரு வாசகர் வட்டம் நடத்துகிற சிலரில் ஒருவர். என்னை அழைத்ததும் அவர்தான்.

“என்னா சார், வந்த மொத நாளே டூரிஸ்ட் ஆயிட்டீங்க?” என்றார். “வாங்க, மொதல்ல மக்கான் பண்ணலாம். அப்புறம் மத்ததெல்லாம் பேசலாம்.”

மக்கான் என்றால் சாப்பாடு. இந்த ஊரில் நலம் விசாரிப்பதும் சமாதானம் சொல்வதும் பேச்சை மாற்றுவதும் அந்த ஒரு சொல்லால்தான். வாழையிலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரமான சம்பால். எங்கள் ஊரில் இதைக் காலையில் சாப்பிட்டால் மாலை வரை தூங்குவார்கள். இங்கே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

சாப்பிடும்போது ஓர் உண்மை வெளிவந்தது. மலாக்கா செட்டிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். சாமி நம்முடைய சாமி, திருநீறு நம்முடைய திருநீறு. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், தமிழ் அல்ல என்பது தெரியாது.

“கொஞ்சங்கூடவா தெரியாது?” என்று கேட்டேன்.

“சாமி பேரு, சொந்தக்காரங்க மொற, சமையல்ல சிலது. அவ்ளோதான் சார். ஏன்?”

என் கதாநாயகன் ஒரு செட்டி. நாவல் முழுக்க அவன் தன் காதலனிடம் அழகான தமிழில், சில இடங்களில் எதுகையோடு, பேசிக்கொண்டே இருக்கிறான். ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கதையை எனக்குக் கொடுத்ததே தேவகிதான். சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்திருந்தபோது, டீக்கடையில், போகிற போக்கில் சொன்னார். கோவிந்தசாமி என்ற செட்டி மாட்டு வண்டி வைத்திருந்தார். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், சயாமில் ரயில் பாதை போட. போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். அப்படி ஒரு லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தவர் சின்னையா. கோவிந்தசாமி அவரை விறகுக்கு அடியில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சட்டை வேட்டியைக் கழற்றிவிட்டு சாரோங் கட்டிவிட்டார். அக்கம்பக்கத்தில், இவர் தூரத்துச் சொந்தம், பிறவி ஊமை என்று சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் தமிழ்தான் வரும். தமிழ் வந்தால் லாரி வரும். இதைக் கேட்டபோதும் அந்தத் தெரு மலாய் பேசுகிற தெரு என்பது எனக்கு உறைக்கவில்லை. ஜப்பான்காரர்கள் போகும்வரை சின்னையா அந்தத் தெருவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜப்பான்காரர்கள் போனார்கள். வாழைமரம் போட்ட அவர்களுடைய நோட்டுகளை வைத்துப் பிள்ளைகள் கப்பல் செய்தார்கள். சின்னையா தோட்டத்துக்குத் திரும்பிப் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. கோவிந்தசாமியின் அறையிலேயே இருந்தார். கடைசிவரை இருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து சேதுவிடம் சொன்னேன். சேதுவும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், வெகுகாலமாக. தெருவில் அவருக்குப் பெயர் “சார்கூட இருக்கிற சார்”. அவர் கதையைக் கேட்டுவிட்டு, “ஒண்ணும் கேக்காத ஊர்னா நல்ல ஊர்தான்” என்றார். மறுநாள் எழுத ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை வாசகர் வட்டத்தின் தலைவரைப் பார்க்க ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனோம். அவருக்கு அங்கே ஜவுளிக்கடை. கடைக்குள் நுழைந்தால் திருநெல்வேலி வடக்கு ரத வீதிக்கு வந்துவிட்டது போல இருந்தது. விளக்குமாலை, சந்தன மணம், விலை கேட்டுவிட்டு வெளியேறுகிற பெண்கள். தலைவர் தங்கமான மனிதர். எனக்கு இஞ்சி போட்ட பால் டீ வரவழைத்தார், பட்டு வேட்டி ஒன்றைப் பரிசளித்தார், பிறகு கதவைச் சாத்தினார்.

“சார், நாவல் படிச்சிட்டேன். நல்லா இருக்கு. ஆனா மேடையில மட்டும் நட்புன்னு சொல்லிடுங்க லா.”

“அது நட்பு இல்லையே.”

“தெரியும் சார். யாரு இல்லேன்னா? ஆனா நட்புன்னு சொன்னா யாரும் கம்ப்ளெயின் பண்ண மாட்டாங்க. வேற மாதிரி சொன்னா ஹால்காரன் அடுத்த வாட்டி கொடுக்க மாட்டான். ரொம்ப சூசா ஆயிடும். கோவிந்தசாமி குடும்பமும் மொத வரிசையில உக்காந்திருக்கும்.”

லா என்பது இங்கே பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்வது. சூசா என்றால் சிரமம். பேனரையும் காட்டினார். “நட்பைப் போற்றும் நாவல்: அறிமுக விழா” என்று அச்சடித்து வந்திருந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் வேறு. கூட்டுறவு வங்கி ஒன்றின் ஆண்டு விழாவுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனிதர் பயந்திருந்தார், அதிலும் எனக்காகவும் சேர்த்துப் பயந்திருந்தார். ஊரில் நானே எத்தனையோ இடங்களில் சேதுவை நண்பர் என்று சொல்லியிருக்கிறேன். சரி, பார்ப்போம் என்றேன்.

அன்று பிற்பகல் கோவிந்தசாமியின் வீட்டுக்குப் போனோம். கோவிந்தசாமியின் தம்பி மகள் மீனாட்சிதான் அங்கே இருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் ஊர் முழுக்க அவரை மீனா ஆன்ட்டி என்கிறது. நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். நெற்றியில் திருநீறு, உடம்பில் பூவேலை செய்த கெபாயா சட்டை, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். என் அத்தை ஒருத்தி மாறுவேடத்தில் வந்து நிற்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தமிழில் பேசிவிடுவார் பேசிவிடுவார் என்று காத்திருந்து ஏமாந்தேன். தேவகிதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

ஆன்ட்டி எங்களை நேராக அடுக்களைக்கே கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் பர்ச்சு. செத்துப்போன முன்னோருக்குப் படையல் போடுகிற நாள். வருடத்தில் பொங்கலை ஒட்டி ஒரு தடவை, பழக்காலத்தில் ஒரு தடவை. இப்போது பழக்காலம். மூலையில் டுரியான் பழங்கள் குவிந்திருந்தன. வாசனையை நான் வர்ணிப்பதாக இல்லை. கூடத்தில் ஒவ்வொரு முன்னோருக்கும் ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் இலையில் வைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு.

சின்னையாவுக்கு என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன்.

“மீன் பிண்டாங், ரம்புத்தான், கறுப்புக் காப்பி,” என்றார் ஆன்ட்டி. “மரவள்ளிக்கிழங்கு மட்டும் வைக்கவே மாட்டோம். ஜப்பான்காரன் காலம் முழுக்க காலையும் மரவள்ளி, ராவும் மரவள்ளி. அப்புறம் சாகுற வரைக்கும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.”

என் நாவலில் இருவரும் கடைசிவரை சனிக்கிழமை தோறும் மரவள்ளிக்கிழங்கை அவித்து, பழைய நாட்களை நினைத்தபடி உண்கிறார்கள். விமரிசகர் ஒருவர் அந்தப் பகுதியைத் தனியாகப் பாராட்டியிருந்தார்.

ஆன்ட்டி, பிண்டாங் என்கிற அந்தப் புளிப்பு மீன் குழம்புக்காகப் பிலிம்பிக்காயை நறுக்குவதை நிறுத்தினார். தேவகியிடம் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். தேவகியின் முகம் மாறியது.

“சார், ஆன்ட்டி ஒரு விஷயம் கேக்குறாங்க. உங்க புத்தகத்துல பாக் சின்னையா யாரு? கவானா, இல்ல வேறயா?”

பாக் என்பது பெரியவர்களுக்கு மரியாதை. கவான் என்றால் நண்பர்.

“ஏன் கேட்கிறார்?”

விஷயம் இதுதான். இலை இந்த வீட்டில் பிறந்தவர்களுக்கும், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவர்களுக்கும் மட்டும். வேறு யாருக்கும் கிடையாது. சின்னையா இறந்தபோது ஆன்ட்டியின் அப்பா யாரையும் கேட்காமல் அவருக்கும் ஓர் இலை போட்டார். அப்பாவுக்குப் பின் ஆன்ட்டி போட்டார். இப்போது தம்பி ராஜு கோலாலம்பூரில் வங்கி வேலை முடிந்து வீட்டோடு வந்துவிட்டார். குடும்பத்தின் மூத்த ஆண் என்ற முறையில் பர்ச்சு இனி அவர் பொறுப்பு. அவர் முறை தவறக்கூடாது என்கிறார். சின்னையா நல்லவர்தான், ஆனால் பெரியப்பாவின் நண்பர். நண்பர்களுக்கெல்லாம் இலை போட்டால் கூடம் பத்தாது. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த இலை இல்லை.

“நீங்களே தம்பியிடம் சொல்லக்கூடாதா, அவர் வெறும் நண்பர் இல்லை என்று?” என்று கேட்டேன்.

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டுப் பொம்பளை, பெரியவங்க ரூமைப் பத்திப் பேசலாமா?” தேவகி மொழிபெயர்த்தார். “எங்க அப்பாவே பேசலை. இலைதான் போட்டார். வெளி ஆள் சொல்லலாம். அதுவும் புத்தகத்துல அச்சாயிருக்கு. ராஜுவுக்கு அச்சடிச்சதுன்னா மரியாதை.” பிறகு ஆன்ட்டி கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: “நீங்க நாளைக்கு கவான்னு சொன்னா, இலை இல்லை.”

அன்று விடுதிக்குத் திரும்பி சேதுவுக்குப் போன் செய்தேன். முழுதும் சொன்னேன். தலைவர் நட்பு என்று சொல்லச் சொல்கிறார், ஆன்ட்டி சொல்லக்கூடாது என்கிறார் என்றேன்.

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?” என்றார் சேது.

“தெரியல.”

“நம்ம வீட்ல நாளைக்கு யாரு யாருக்கு இலை போடப் போறாங்க?” என்று கேட்டுவிட்டு, பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விழா. ஐம்பது நாற்காலிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் இலக்கியக் கூட்டங்களை வைத்துப் பார்த்தால் இது மாநாடு. எல்லாருக்கும் கறி பாப் கொடுத்தார்கள், உருளைக்கிழங்கு அடைத்த பெரிய சோமாசி. மைக் கரகரத்தது, தலைவர் அதைத் தட்டினார், அது அடங்கிவிட்டது, பிறகு பேசவும் மறுத்துவிட்டது. மைக் இல்லாமலே விழா தொடங்கியது. முதல் வரிசையில் மீனா ஆன்ட்டி, பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ராஜு. அவர்களுக்காக தேவகி என் பக்கத்தில் நின்று வரிக்கு வரி மலாயில் சொன்னார்.

நான் பேனரைப் பார்த்தேன். குலுக்கிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தேன்.

“பேனரில் நட்பு என்று போட்டிருக்கிறது,” என்று ஆரம்பித்தேன். “எனக்கு நண்பர்கள் உண்டு. வருவார்கள், காப்பி குடிப்பார்கள், போய்விடுவார்கள். என் வீட்டில் ஒருவர் இருக்கிறார், சேது என்று பெயர். அவர் போவதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் திட்டுகிறார். நான் எழுதுவதை முதலில் படித்துவிட்டு நன்றாக இல்லை என்கிறார். வயது எங்கள் இருவருக்கும் ஒன்றாகவே ஏறிவிட்டது. நாங்கள் நண்பர்கள் அல்ல. இந்த நாவலில் வருகிற இரண்டு பேரும் நண்பர்கள் அல்ல. அவர்கள் கணவன் மனைவி எப்படியோ அப்படி. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் போடுகிறேன்.”

தமிழ் தெரிந்தவர்கள் அசையாமல் இருந்தார்கள். தலைவர் மேசையில் சிந்திய டீயைக் கைக்குட்டையால் துடைத்தார். தேவகி ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு சொல்லையும் விழுங்காமல், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் மலாயில் சொன்னார். எனக்கு மலாய் தெரியாது. ஆனால் ஆன்ட்டியின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

ராஜு கையை உயர்த்தினார். ஆங்கிலத்தில், கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற தொனியில் கேட்டார்: “இது புத்தகத்தில் இருக்கிறதா, உங்கள் சொந்த அபிப்பிராயமா?”

“இரண்டும்.”

“ஆதாரம்?”

“என்னிடம் இல்லை. நான் நேற்று முன்தினம் வரை மலாக்காவைப் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள்.”

அவர் யோசித்தார். கூட்டமும் சேர்ந்து யோசித்தது.

“அவர்கள் அறையில் ஒரு கொசுவலைதான் இருந்தது,” என்றார் கடைசியில். “ஜப்பான் காலத்தில் துணிப் பஞ்சம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் ஒரே வலை என்று நினைத்திருந்தேன். நான் பள்ளி முடித்து வேலைக்குப் போன பிறகும் ஒன்றுதான் இருந்தது. என் முதல் சம்பளத்தில் பெரியப்பாவுக்கு இன்னொரு கொசுவலை வாங்கிக்கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கடைசிவரை பிரிக்கவே இல்லை.” அக்கா பக்கம் திரும்பினார். “பெரியப்பா கஞ்சத்தனமானவர் என்று இத்தனை நாள் நினைத்துவிட்டேன்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. தலைவர் அவசரமாக நன்றியுரையை முடித்தார். புத்தகம் கொஞ்சம் விற்றது. ஒரு வாசகர் மட்டும், அவர்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டார். தவறாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவகியும் நானும் போனபோது கூடத்தில் இலைகளைப் போட்டாகிவிட்டது. ராஜு முட்டிக்கால் வலியோடு தரையில் நகர்ந்து நகர்ந்து பரிமாறிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். மேலே சுவரை ஒட்டி மூத்தவர்கள். கீழே வரிசையாக மற்றவர்கள். வாசல் பக்கம், வரிசையின் கடைசியில், தனியாக ஓர் இலை. அதில் மீன் பிண்டாங்கும் ரம்புத்தானும் கறுப்புக் காப்பியும் இருந்தன.

ஆன்ட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கண் கலங்கியிருந்தது. இலை இருக்கிறது. எனக்கு அது போதும்போல இருந்தது.

ராஜு எல்லாவற்றையும் வைத்து முடித்து, எழுந்து, இடுப்பில் கைவைத்துக் கூடத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முகம் சுளித்தார். அக்காவிடம் மலாயில் கடுகடுத்தார். ஆன்ட்டி பதிலுக்குக் கடுகடுத்தார்.

“என்ன சொல்கிறார்?” என்று தேவகியின் காதில் கேட்டேன்.

“இடம் தப்புங்கிறாரு சார். புருஷன் பொஞ்சாதி இலைய சேர்த்துத்தான் போடணும், ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு. அதான் மொற. இத்தன வருஷமா பாக் சின்னையாவ வாசப் பக்கம் ஒக்கார வச்சிருக்கோம், அவர் என்னா நெனச்சிருப்பாருன்னு அக்காவ ஏசுறாரு.”

ராஜு மறுபடி முட்டி போட்டார். கோவிந்தசாமியின் இலைக்குப் பக்கத்தில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி இடம் செய்தார். குழம்பு சிந்தாமல், காப்பி தளும்பாமல், சின்னையாவின் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அங்கே வைத்தார். ஓரங்கள் தொடுகின்றனவா என்று குனிந்து பார்த்தார். தொடவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

சாம்பிராணி போட்டார்கள். முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். குடும்பம் முழுக்க அதிகாலையிலிருந்து பட்டினி. நானும் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன். எல்லாருடைய கண்ணும் கதவு மேல்தான் இருந்தது. வழக்கமான நேரம் ஆயிற்று. ஆன்ட்டி சாரோங்கை உதறிக்கொண்டு எழுந்து கதவைத் திறக்கப் போனார்.

ராஜு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

“இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுப்போம். இப்போதுதானே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.”